மூன்றாம் கலத்து மோர்

றேமோன் கண்ணாடிக் குவளையை உதட்டிலிருந்து விலக்கி, சாளர வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, உள்ளே ஏதேனும் நீந்துகிறதா என்று பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். தீயணைப்புப் படையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற மனிதர் அவர். எரிகின்ற வீட்டினுள் நுழைவதற்கு முன்னரும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

"மெசியே நடா, இதற்குள் சூப் ஊற்றினீரா?" என்று கேட்டார்.

எங்கள் உரையாடல் எப்போதும் அவருடைய ஆங்கிலத்துக்கும் எனது பிரெஞ்சுக்கும் இடைப்பட்ட ஒரு மொழியில் நடைபெறும். ஆகவே நான் தவறாக விளங்கிக்கொண்டேனோ என ஐயுற்று மறுபடியும் கேட்டேன். அவர் மறுபடியும் சூப் என்றே சொன்னார்.

கோடை முடியும் காலத்து ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டின் நிலவறை. குவளையை வாங்கி மூக்கருகே கொண்டுசென்றேன். வெண்ணுரை. மங்கலான வெண்மஞ்சள் நிறம். கோதுமைப் பியருக்கு அந்த நிறமே உரியது. முதலில் தோடம்பழத் தோலின் மணம், அடுத்து கொத்தமல்லி விதையின் மணம். இரண்டும் நானே ஜான்-டலோன் சந்தையில் தெரிந்தெடுத்து இட்டவை.

அவற்றின் பின்னால் இஞ்சி இருந்தது. இஞ்சியின் பின்னால் கறிவேப்பிலை. இவற்றை நான் இடவில்லை.

ஒரு மிடறு அருந்தினேன். புளித்தது. விழுங்கி முடித்து, இனி ஒன்றுமில்லை என்று எண்ணிய வேளையில், தொண்டையில் பச்சைமிளகாய் உறைத்தது.

ஒரு விளக்கம்

இத்தொடரில் இதுவரை எனது கல்லூரிக் காலத்தையும், கொழும்பில் பார்த்த அரசாங்க உத்தியோகத்தையும், இந்நகரின் வர்ணத் தொழிற்சாலையொன்றின் பரிசோதனைக் கூடத்தில் கழித்த ஆண்டுகளையும் வாசித்து வந்தவர்கள், இந்த வாரம் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, "நடராசரா பியர் வடித்தார்?" என்று வினவக்கூடும்.

ஆம், வடித்தேன். நான் இரசாயனவியல் பட்டதாரி. ஓய்வுபெற்ற முதற் குளிர்காலத்தில், அயல்வீட்டு றேமோன் தமது அடர்த்திமானியை வாசிக்கத் தெரியாமல் என் கதவைத் தட்டினார். வாசித்துக் கொடுத்தேன். அவர் வடித்திருந்ததைச் சுவைத்தும் பார்த்தேன். இதைவிடச் செம்மையாகச் செய்யலாம் என்று பட்டது. எனது வாழ்வில் நான் ஈடுபட்ட காரியங்களுட் பெரும்பாலானவை அவ்வாறே தொடங்கின.

நான் குடிகாரனல்லன். வாரத்தில் ஒரு குவளை. அதுவும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு.

பிழைச் சுவைகள்

அந்தக் குறிப்புப் புத்தகம் இன்றும் என்னிடம் உண்டு. பியரில் எத்தனை விதமாகப் பிழை நேரலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இம்மாநகரிலேயே இல்லை என்று துணிந்து சொல்வேன்.

முதன்முதல் வடித்தது வெண்ணெய் மணத்தது. நொதித்தல் முற்றுப்பெறுமுன் அவசரப்பட்டுக் குளிரூட்டியதன் விளைவு. இரண்டாவது பச்சை அப்பிள். மூன்றாவது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சப்பியதுபோல் இருந்தது. குளோரின் கலந்த வெளிறுநீரால் வாளியைக் கழுவிவிட்டுப் போதியளவு அலசாமையே காரணம். அடுத்தது, காற்றுப் பட்டுப் பட்டு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் சுவையைப் பெற்றது. றேமோன் அதை மட்டும் மூன்று குவளை அருந்தினார். தீயணைப்பு நிலையத்துக் கோப்பி நினைவுக்கு வந்ததாம்.

ஐந்தாவதிலிருந்து நான் ஒழுங்குமுறையொன்றை வகுத்துக்கொண்டேன். போத்தல்களைக் கைவிட்டு, கெக் என்று அழைக்கப்படும் எஃகுக் கலங்கள் மூன்றைத் தேடிப் பெற்றேன். உண்மையில் அவை குளிர்பான நிறுவனங்கள் பாவித்துக் கழித்தவை. தொடையளவு உயரம். தலையில் இரண்டு வால்வுகள். ஒன்றன் வழியே வாயு உட்செல்ல, மற்றதன் கீழிருந்து அடிவரை இறங்கும் ஒடுங்கிய குழாய் வழியே பானம் மேலேறி வரும். இணைப்புத் தோறும் இறப்பர் வளையங்கள். அந்த வளையங்கள் மணத்தை விடா. எத்தனை முறை கழுவினாலும் முன்பு உள்ளே இருந்தது எதுவென்று அவை நினைவில் வைத்திருக்கும்.

கலமொன்றைக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வாயு நிரப்பி மூடியதும், வாயில் வெள்ளை நாடா ஒட்டி, "சுத்தம்" என்று எழுதி, திகதியிட்டு, ஒப்பமிடுவேன். நாடா ஒட்டிய கலத்தை மறுபடி கழுவ வேண்டியதில்லை என்பது விதி. அந்த விதியை இயற்றியவனும் நானே.

வீட்டுக்கு வருகின்றவர்கள் கேட்டால் "சோடாச் சிலிண்டர்" என்று சொல்லுமாறு என் துணைவியார் புவனேஸ்வரிக்கு அறிவுறுத்தியிருந்தேன். அது முழுப் பொய்யன்று. குளிர்பானத்துக்கெனச் செய்யப்பட்டவைதாமே?

மூன்றாம் பிரிவு

அவ்வாறு சொல்லவைத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காலத்தில் நான் எங்கள் கோயிற் பரிபாலன சபையின் செயலாளர். அவ்வாண்டின் தொடக்கத்திலே, திருவிழாக் காலத்துச் சில இளைஞர்களின் ஒழுக்கக்கேட்டைக் கண்டித்து, ஐந்து பிரிவுகள் கொண்ட தீர்மானமொன்றை நானே வரைந்து, நானே முன்மொழிந்து நிறைவேற்றியிருந்தேன்.

அதன் மூன்றாம் பிரிவு பின்வருமாறு: "மதுவோடு தொடர்புடைய பண்டம், பாத்திரம் எதுவும் கோயில் வளாகத்தினுள் கொண்டுவரப்படலாகாது. அதற்குக் காரணமானவர் தமது பொறுப்பினின்றும் விலகல் வேண்டும்."

சபைத் தலைவர் சிவபாதத்தார் அன்று, "பாத்திரம் எதுக்கு, செயலாளர்? பண்டம் எண்டாக் காணுமே?" என்று கேட்டார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வயதில் என்னிலும் மூத்தவர். தேநீருக்கு அப்பால் எதையும் தொட்டறியாதவர் என்று ஊரே அறியும். ஆவணமொன்றில் ஓட்டை இருக்கலாகாது என்று நான் அவருக்கு விளக்கினேன். பாத்திரம் நின்றது.

மிளகாய் விதை

றேமோனும் நானும் மூன்றாம் கலத்தை வெறுமையான வாளியொன்றின்மேல் பிடித்துக்கொண்டு, வால்வைக் கழற்றினோம். அதன் சல்லடையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சாவணத்தால் எடுத்து வெள்ளைக் கடதாசியில் வைத்தேன்.

"பூச்சியா?" என்றார் றேமோன்.

"இல்லை. மிளகாய் விதை."

"பூச்சியென்றால் நன்றாயிருந்திருக்கும்," என்று அவர் பெருமூச்செறிந்தார். "பூச்சிக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்."

அதனோடு விரல் நகத்தளவு கறிவேப்பிலைத் துண்டொன்றும் அகப்பட்டது. ஒடுங்கிய குழாயினுள் நீண்ட தூரிகையை விட்டு இழுத்தேன். வெண்மையான ஏடு திரண்டு வந்தது. முகர்ந்தேன். தயிர்.

இதுவரை விளங்காதிருந்தது ஒரு நொடியில் விளங்கியது. தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் குழாயினுள் குடியிருந்திருக்கின்றன. அதன்மேல் இனிப்பு மிச்சமுள்ள பியரை ஊற்றி, மூன்று வாரம் இளஞ்சூட்டில் நானே வைத்திருக்கிறேன். பியர் புளிக்காமல் வேறு என்ன செய்யும்? ஆயினும் தயிர் எங்ஙனம் உட்புகுந்தது? கலத்தின் வாயில் எனது நாடா இருந்தது. எனது திகதி. எனது ஒப்பம்.

சோடா மோர்

படியேறிச் சென்று விசாரித்தேன். புவனேஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, என்னோடை கத்தாதேங்கோ. தவம் வந்து கேட்டவன், குடுத்தனான். கோயிலுக்குத்தானே?"

"கோயிலுக்கோ? என்னத்துக்கு?"

"தேருக்குத் தண்ணிப்பந்தல் போட்டவன். மோருக்கு ஏனம் காணாதெண்டான். சோடாச் சிலிண்டர் எண்டு சொல்லச் சொன்னது ஆர்? நீங்கள். சோடாச் சிலிண்டரை மோருக்குக் குடுத்தால் என்ன குற்றம்?"

தவம் என்பவர் அவருடைய இளைய சகோதரர். நாற்பது வயது கடந்தவர். மரக்கறி விநியோக வண்டி ஓட்டுபவர். எக்காரியத்தையும் கேட்குமுன்னரே செய்து முடிப்பவர். தொலைபேசியில் அழைத்தேன்.

"ஓம் அத்தான், நான்தான் எடுத்தனான். போன வருசம் வாளியிலை மோர் வைச்சு, அகப்பைக்கு அகப்பை குளவி. இந்த முறை ஒரு குளவி இல்லை! உங்கட காஸையும் பூட்டி அடிச்சன். குழாயைத் திருக, சும்மா நுரைச்சுக்கொண்டு வருது. சனம் சோடா மோர், சோடா மோர் எண்டு வரிசையிலை திரும்பத் திரும்ப நிண்டது. ஒரு அம்மா, 'தம்பி, வேப்பம்பூ போட்டதோ? நல்ல கைப்பாக் கிடக்கு' எண்டு கேட்டவ. ஐயரே ரெண்டாந்தரம் வாங்கினவர்!"

வேப்பம்பூவன்று. பியருக்குக் கைப்பூட்டும் ஹொப்ஸ் என்னும் பூ. இறப்பர் வளையங்கள் நினைவில் வைத்திருந்தது அதைத்தான்.

"கலத்தைக் கழுவினனியோ?"

"முன்னமும் கழுவினனான், பின்னமும் கழுவினனான். பச்சைத்தண்ணியாலை. அந்த வெள்ளைப் பட்டியை மெல்ல உரிச்சு, வண்டியிலை ஒட்டி வைச்சுப்போட்டு, பேந்து பழையபடி ஒட்டிவிட்டனான். உங்கட கையெழுத்துக் கிடந்தது. எறிய மனம் வரேல்லை, அத்தான்."

இவ்விடத்தில் மேலும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தேர்த் திருவிழாவன்று அந்த மோரை நானும் அருந்தினேன். அலுவலக அறையில் இருந்த எனக்குத் தவமே கொண்டுவந்து தந்தார். ஏதோ அறிமுகமான மணம் என்று தோன்றியது. "மிக நேர்த்தி" என்று பாராட்டி, அருகிலிருந்தவர்களுக்கும் சிபாரிசு செய்தேன். எனது மூக்கைப்பற்றி அதுவரை நான் கொண்டிருந்த மதிப்பு அன்றோடு முடிந்தது.

விலகற் கடிதம்

மூன்றாம் பிரிவின்படி நான் விலகல் வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் விலகினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால், ஐந்து பிரிவுத் தீர்மானம் இயற்றிய நடராசர் நிலவறையில் பியர் வடிக்கிறார் என்பது அன்று மாலைக்குள் நகரின் மறுகோடியிலுள்ள கோட்-டெ-நெய்ஜ் வரை போய்விடும். நாற்பது ஆண்டுகள் ஒரு மனிதன் தன் பெயரைக் கசங்காமல் வைத்திருந்ததன் பலன், ஒரு மிளகாய் விதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாகக் கடிதம் எழுதினேன். முதற் பிரதியில் "தவிர்க்கவியலாத காரணங்களால்" என்றேன். அது கோழைத்தனமாகப் பட்டது. இரண்டாவதில் உண்மையைச் சொன்னேன். அது அதிகமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்காம் பிரதியில், "நொதித்தல் சார்ந்த எனது ஆய்வுகள்" என்ற தொடரை வைத்திருப்பதா நீக்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நிலவறையிலிருந்து தவத்தின் குரல் கேட்டது. பக்கவாசலால் வந்திருக்கிறார்.

"அத்தான்! தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். அவருக்கு மோர் மெசின் பாக்க வேணுமாம்!"

எனக்கு முழங்கால் வருத்தம். பதின்மூன்று படிகள். நான் ஏழாம் படியை அடைந்தபோது குழாய் திருகும் ஓசை கேட்டது. ஒன்பதாம் படியில், சிவபாதத்தாரின் கையில் சில்வர் பேணியொன்று இருப்பதைக் கண்டேன். மூன்றாம் கலத்தை ஊற்றியழிக்க றேமோன் விடவில்லை. புளிப்பு இன்னும் முதிர்ந்தால் பெல்ஜியத்துப் பியர்போல் ஆகலாம் என்று வாதிட்டிருந்தார். தவம் திறந்தது அதைத்தான்.

"இது அண்டைக்குக் குடிச்சதிலும் பாக்கத் திறம், தம்பி," என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் அளவு. மோர் எண்டால் இப்பிடிப் புளிக்க வேணும். உப்புத்தான் காணாது."

"அக்கா! கொஞ்சம் உப்புக் கொண்டு வாங்கோ!"

"ரெண்டாவது பேணியையும் நிரப்பும்," என்றார் தலைவர். "இண்டைக்கு வெள்ளி விரதம். காலமையிலிருந்து வெறும் வயிறு."

என் பின்னால் புவனேஸ்வரி உப்புப் பேணியோடு வந்து நின்றார். கலத்தினுள் இருப்பது எதுவென்று அறிந்தவர் அவர். உப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். தலைவர் மகிழ்ச்சியோடு வீடு சென்றிருப்பார். ஆனால் எழுபது வயதுவரை மதுவைத் தொடாத ஒருவர், விரத நாளில், எனது வீட்டில், எனது பொய்யின் பேரில் இரண்டாவது பேணியை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குடியாதேங்கோ," என்றேன். "அது மோரில்லை."

"அப்ப என்ன?"

"பியர்."

தவம் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நடுவில் நிறுத்தினார்.

"அண்டைக்குத் தேருக்கு?" என்றார் தலைவர், பேணியைத் தாழ்த்தாமல்.

"அண்டைக்கு மோர்தான். கலம்தான் பியருடையது. கழுவித்தான் இருந்தது. என்ரை விலகற் கடிதம் மேலை மேசையிலை கிடக்குது, அண்ணை. நாலாவது பிரதி. இன்னும் முடியேல்லை."

சிவபாதத்தார் கோதுமை மாச்சாக்கின்மேல் அமர்ந்தார். முத்திரை போதாத கடிதத்தைப் பார்ப்பவர்போலப் பேணியினுள் நோக்கினார்.

"மூண்டாம் பிரிவு என்ன சொல்லுது?"

நான் மனப்பாடமாகச் சொன்னேன்.

"அப்பிடியெண்டால் கலம் கொண்டுவந்த தவம் விலக வேணும். பரிமாறின தொண்டர் எல்லாரும் விலக வேணும். குடிச்ச ஐயர்?"

"ஐயரைப்பற்றிப் பிரிவு ஒண்டும் இல்லை."

"நல்ல காலம். பேந்து பூசைக்கு ஆரைப் பிடிக்கிறது?" அவர் தொண்டையைச் செருமினார். "சரி. வெள்ளிக்கிழமை விரதத்தோடை ஒரு பேணி முழுக்கக் குடிச்ச தலைவர்?"

அவரே தொடர்ந்தார்.

"செயலாளர், நான் என்ரை சீவியத்திலை பியர் குடிச்சதில்லை. இது உமக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஆனபடியால் பியர் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. மோர் எப்பிடி இருக்கும் எண்டு நல்லாத் தெரியும்." பேணியைச் சற்றே உயர்த்தினார். "இது மோர்."

"அண்ணை, நான்தானே காய்ச்சினனான்..."

"கண்டறியாத கதை கதையாதேயும். குடிச்சது நான். தங்கச்சி, அந்த உப்பை இஞ்சை தாரும் பிள்ளை."

அவர் ஒரு சிட்டிகை உப்பிட்டார். நுரை பொங்கி மணிக்கட்டில் வழிந்தது. துடைத்துவிட்டு, இரண்டாவது பேணியையும் முழுமையாக அருந்தி முடித்தார்.

"இந்தக் கலம் மூண்டும் இனிக் கோயிலுக்கு," என்றார், எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு. "கோயிலுக்குச் சொந்தமான பாத்திரம் மதுப் பாத்திரமாக இருக்க ஏலாது. இதுவும் தீர்மானத்திலை எழுதாத பிரிவு. கடிதத்தைக் கிழியும்."

கூட்டக் குறிப்பு

அடுத்த கூட்டத்தில் தலைவர் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன்: "தலைவர் அவர்கள் செயலாளரின் இல்லத்துக்கு நேரிற் சென்று, மோர் வழங்கும் கலங்களைப் பார்வையிட்டு, மோரைச் சுவைத்துத் திருப்தியுற்றார். மேற்படி கலங்கள் மூன்றையும் செயலாளர் கோயிலுக்கு அன்பளிப்புச் செய்தமைக்குச் சபை நன்றி தெரிவித்தது."

எனது கையெழுத்தில், எனது மையில். பன்னிரண்டு ஆண்டுகள் நான் எழுதிய அந்தப் புத்தகத்தில் உண்மைக்கு மாறான சொல் அந்த "மோர்" ஒன்றுதான்.

கலங்களில் "உபயம்: நடராசா குடும்பம்" என்று சிவப்பு வர்ணத்தில் எழுதுவித்தார்கள். மறு ஆண்டுத் தேருக்கு றேமோனையும் அழைத்துச் சென்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கலங்களின்முன் சிறிது நேரம் நின்றார். பின்னர் ஒரு டம்ளர் மோர் வாங்கி அருந்தி, என் காதருகே குனிந்து, "இதில் பியர் மணக்கிறது. உங்கள் ஆட்கள் சரியாகக் கழுவுவதில்லை," என்றார்.

அவர் சொன்னது சரியே. நான் இறப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். அதற்கடுத்த ஆண்டு மோர் கலப்படமின்றித் தூய்மையாக இருந்தது. முன்பு வேப்பம்பூவை விசாரித்த அம்மையார் ஒரு மிடறு குடித்துவிட்டு, மோர் முந்தின மாதிரி இல்லை, செயலாளரின் கைப்பக்குவம் குறைந்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

இந்த அத்தியாயத்தை எழுதுமுன் சிவபாதத்தாரின் அனுமதியைப் பெறுவது முறை என்று கருதினேன். இப்போது ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். காது மந்தம், குரலில் மட்டும் தபாற்கந்தோர் அப்படியே இருக்கிறது. இத்தனை காலத்துக்குப் பின்னர் கூட்டக் குறிப்பைத் திருத்தி, உண்மையைப் பதிவுசெய்ய விரும்புகிறேன் என்று தொலைபேசியில் உரத்துச் சொன்னேன்.

"குறிப்பிலை என்ன எண்டு கிடக்கு, செயலாளர்?"

"மோர் எண்டு கிடக்கு, அண்ணை."

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

"ஆர் கையெழுத்து வைச்சது?"

"நீங்கள்."

"பேந்தென்ன?"